ஏழாவது விதி

அந்தச் சனிக்கிழமைக்கான என் நாட்குறிப்பில் நான்கு வரிகள் இருக்கின்றன. "பெற்றோர் கூட்டம், காலை 10. வந்தவர்கள் 23. வாசித்துக் காட்டிய நோட்டு 1. நன்றாக நடந்தது." கடைசி வரியை மறுநாள் ஒரு கோடு போட்டு அடித்தேன். தவறாக எழுதியதை வெள்ளை மை பூசி மறைக்கும் வழக்கம் எனக்குக் கிடையாது. அடித்தால், அடித்தது தெரிய வேண்டும்.

நான் ராஜபாளையத்தில் ஓர் உதவிபெறும் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். காலை ஏழு ஐம்பது பஸ்ஸில் போய் மாலை ஐந்து பத்து பஸ்ஸில் திரும்புகிறேன். நாட்குறிப்பு எழுதத் தொடங்கி இருபத்தேழு வருடங்கள் ஆகின்றன. எழுதி வைத்தது நடந்தது, எழுதாதது நடக்கவில்லை என்கிற மாதிரி ஒரு நம்பிக்கை இத்தனை வருடத்தில் எனக்குள் உட்கார்ந்துவிட்டது. இந்த விஷயத்தில் என் தவறு அங்கேதான் தொடங்குகிறது.

பள்ளி திறந்த சமயத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்களுக்கு ஒருநாள் பயிற்சி நடந்தது. சின்னப் பிள்ளைகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் நல்ல உணவுப் பழக்கத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பது பற்றியது. முடிவில் ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் ஆறு விதிகள். தினமும் ஒரு கீரையோ காயோ வேண்டும். வாரத்தில் சில நாளாவது கேழ்வரகு, கம்பு, குதிரைவாலி. பாக்கெட்டில் வரும் தின்பண்டம் கூடாது. எண்ணெயில் பொரித்ததைக் குறைக்க வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். கை கழுவிவிட்டுச் சாப்பிட வேண்டும்.

நான் இவற்றைப் பெரிய சார்ட்டில் எழுதி, ஓரத்தில் முருங்கைக்கீரையும் முட்டையும் மாம்பழமும் வரைந்து, வகுப்புச் சுவரில் ஒட்டுவதற்கு முன் தள்ளி நின்று பார்த்தேன். கீழே நான்கு விரற்கடை வெற்றிடம் இருந்தது. சார்ட்டின் மேற்பக்கத்துக்கும் கீழ்ப்பக்கத்துக்கும் பொருந்தவில்லை. ஏழாவதாக ஒன்றை நானே சேர்த்தேன். "இரவில் அம்மா அப்பாவோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடு." நல்ல வாக்கியம். சார்ட்டும் நிறைந்துவிட்டது.

பிறகு ஒவ்வொரு பிள்ளைக்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்று. முந்தின நாள் இரவும் அன்று காலையும் வீட்டில் என்ன சாப்பிட்டார்கள் என்று காலையில் வகுப்புக்கு வந்ததும் எழுதித் தர வேண்டும். மதியம் பள்ளியிலேயே சத்துணவு, முட்டையோடு. அது எனக்குத் தெரியும், எழுத வேண்டாம். விதிப்படி சாப்பிட்டிருந்தால் நட்சத்திர ஸ்டிக்கர். முப்பத்தொரு நோட்டுகள். மாலை பஸ்ஸில் டிரைவருக்குப் பின் இருக்கை கிடைத்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்வதற்குள் இருபதையாவது திருத்திவிடுவேன். வீட்டில் தெலுங்கு பேசுகிற ஒருவன் "பப்பு" என்று எழுதியிருந்தான். அதைச் சிவப்பு மையில் "பருப்பு" என்று மாற்றியவள் நான். அவன் வீட்டுச் சாப்பாட்டை அவன் வீட்டுச் சொல்லில் எழுதியதில் எனக்கு என்ன நஷ்டம் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த நோட்டுகளில் ஒன்று தனியாகத் தெரிய ஆரம்பித்தது. இரண்டாவது பெஞ்சில் ஜன்னலோரம் உட்காரும் எட்டு வயதுப் பெண் ஒருத்தியுடையது. மற்றவர்கள் "தோசை, சட்னி" என்று முடித்துக்கொள்வார்கள். இவள் முழு வாக்கியமாக எழுதுவாள். நான் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்:

"நேற்று இரவு அம்மா கேழ்வரகு தோசை சுட்டார். முருங்கைக்கீரை பொரியல் வைத்தார். நானும் அம்மாவும் தரையில் பாய் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டோம். முதல் வாய் அம்மா எனக்கு ஊட்டினார். இரண்டாவது வாய் நான் அம்மாவுக்கு ஊட்டினேன். பிறகு மாம்பழம்."

ஆறு வாரத்தில் அவள் நோட்டில் ஒரு நாள்கூட நட்சத்திரம் தவறவில்லை. என் பாடம் ஒரு வீட்டுக்குள் போய் இப்படி விளைந்திருக்கிறது என்று எனக்கு அவ்வளவு பெருமை.

பெற்றோர் கூட்டத்துக்குப் பெரும்பாலும் அம்மாக்கள்தான் வந்திருந்தார்கள். பிள்ளைகள் சுவர் ஓரமாக நின்றார்கள். நான் சார்ட்டைக் காட்டி ஏழு விதிகளையும் படித்துக்காட்டிவிட்டு, "இதெல்லாம் முடியுமான்னு நினைப்பீங்க. முடியும்னு ஒரு வீட்டுல காட்டியிருக்காங்க" என்று அந்தப் பெண்ணின் நோட்டை எடுத்தேன். அவளை முன்னால் வரச் சொல்லி என் பக்கத்தில் நிறுத்தினேன். அவள் அம்மா மூன்றாவது வரிசையில் இருந்தாள். முப்பது வயது இருக்கும். வேலைக்குப் போகிற அவசரத்தில் பின்னிய சடை, மடியில் தூக்குச்சட்டி.

நான் நிறுத்தி நிதானமாக வாசித்தேன். தோசை, கீரை, பாய், முதல் வாய், இரண்டாவது வாய்.

பின் வரிசையில் ஒருத்தி சிரித்தாள். அந்த அம்மாவுக்கு அடுத்த வீட்டுக்காரி, அவளோடு ஒரே நூல் மில்லில் கோனில் நூல் சுற்றுகிறவள். அவள் மகனும் என் வகுப்புதான்.

"ஏட்டி, இதெல்லாம் எப்ப நடக்குது? ராத்திரி எட்டு மணிக்கு நீ எம்பக்கத்துலதான கோன் ஓட்டிக்கிட்டு நிக்க?"

இன்னொருத்தி சேர்ந்துகொண்டாள். "ஒண்ணுக்குப் போகவே மாத்து ஆள் கெஞ்ச வேண்டியிருக்கு. இவ பறந்து வந்து ஊட்டிட்டுப் போறா போல."

எல்லோரும் சிரித்தார்கள். பகையான சிரிப்பில்லை அது. சேர்ந்து வேலை செய்கிறவர்களின் கேலி. அந்த அம்மாவும் அவர்களோடு சேர்ந்து கொஞ்சம் சிரித்தாள். பிறகு என் பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம்புள்ள எழுதுனா சரியாத்தான் இருக்கும் டீச்சர்" என்றாள் அம்மா.

"அப்ப நேத்து மில்லுல நின்னது யாருட்டி? உன் நெழலா?"

அப்போதே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரியவில்லை என்று எழுதினால் பொய். நான் செய்தது என்னவென்றால், நோட்டை மூடி, "சரி, நாலாவது விதிக்கு வருவோம், எண்ணெய்" என்று சொல்லி, ஒரு மாதத்துக்கு ஒரு வீட்டுக்கு எவ்வளவு எண்ணெய் போதும் என்பதை விளக்கத் தொடங்கியதுதான். அந்தக் குழந்தை இன்னும் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். போய் நில் என்று சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. எண்ணெய் முடிந்து, தண்ணீர் முடிந்து, கூட்டம் கலையும்வரை நின்றாள்.

அன்று வீட்டுக்கு வந்து வழக்கம்போல நான்கு வரி எழுதினேன். மறுநாள் ஞாயிறு. ஏதோ உறுத்த, பள்ளி திறந்த மாதத்துப் பக்கங்களைப் புரட்டினேன். ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் குறித்து வைத்திருப்பேன். அவளுக்கு நேராக என் கையெழுத்திலேயே இருந்தது: "தாய், மில். பகல் 2 முதல் இரவு 10 வரை. தந்தை கேரளாவில் கொத்துவேலை, மாதம் ஒருமுறை வருவார். மாலையில் தாயைச் சந்திக்க இயலாது. அவசரமென்றால் அடுத்த வீட்டில் சொல்லலாம்."

தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை. எழுதி, தேதியும் போட்டு வைத்திருந்தேன். அப்போதுதான் "நன்றாக நடந்தது" என்பதை அடித்தேன்.

திங்கட்கிழமை அவள் நோட்டில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"ஏன் எழுதல?"

"மறந்துட்டேன் டீச்சர்."

செவ்வாயும் வெறும் பக்கம். புதனும். நான் ஒவ்வொரு நாளும் அந்தப் பக்கத்தில் சிவப்பு மையில் "எழுதவில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். எழுதாத எல்லாருக்கும் அப்படித்தான் போடுவேன். ஒருத்திக்கு மட்டும் போடாமல் விட்டால் முறை தவறும் என்று நினைத்தேன். முறையை அவ்வளவு கவனமாகக் காப்பாற்றினேன்.

வியாழன் மாலை ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்கு டாக்டரிடம் முறை. மூன்று வருடமாக எனக்குச் சர்க்கரை இருக்கிறது. அவரும் என்னிடம் ஒரு நோட்டுக் கேட்பார், அந்த வாரம் என்ன சாப்பிட்டேன் என்று. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஏழு நாளையும் நிரப்பினேன். இட்லி இரண்டு. சப்பாத்தி இரண்டு, புடலங்காய்க் கூட்டு. கேழ்வரகுக் கூழ். அந்த வாரம் ஊருக்கு வந்திருந்த நாத்தனார் கிளம்பும்போது அவளுக்குப் பால்கோவா வாங்கப் போனவள், எனக்கென்று கால் கிலோ தனியாக வாங்கினேன். மூன்று நாளில் தீர்த்தேன். நோட்டில் அந்த மூன்று நாளிலும் என் கை அதைத் தாண்டிப் போனது. யோசித்து மறைக்கவில்லை. கை தானாகவே தாண்டியது.

டாக்டர் பார்த்துவிட்டு, "வெரி குட், இப்படியே இருங்க" என்றார். அந்த வார்த்தையைக் கேட்க எனக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதை அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி கவனித்தேன். ஐம்பத்தொரு வயதில் இந்த ஒரு சொல்லுக்காக நான் பொய் எழுதுகிறேன். அந்தப் பிள்ளைக்கு நான் ஸ்டிக்கரே ஒட்டினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மதியம் பன்னிரண்டரைக்கு, பிள்ளைகள் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், அந்த அம்மா பள்ளிக்கு வந்தாள். தூக்குச்சட்டி கையில் இருந்தது. நேரே மில்லுக்குப் போக வேண்டும். வகுப்புக்குள் வரச் சொன்னேன், வரவில்லை. கதவுப் பக்கமே நின்றாள். நான் மன்னிப்புக் கேட்க வாக்கியங்கள் தயாரித்து வைத்திருந்தேன். அவள் அதற்கு வரவில்லை.

"டீச்சர், புள்ள ராத்திரி சாப்புட மாட்டேங்குதா."

"எப்போதிலிருந்து?"

"மீட்டிங் முடிஞ்ச அன்னையிலருந்து. அன்னைக்கு வேலைக்குப் போறதுக்குள்ள கேட்டேன், ஏன்ட்டி அப்படி எழுதுனன்னு. திட்டல டீச்சர், கேக்கத்தான் செஞ்சேன். ஏழாவது எல்லார் வீட்டுலயும் இருக்கு, நம்ம வீட்டுல மட்டும் இல்லங்குதா. பொய்யின்னுதான சிரிச்சாங்க, அப்ப நெசமாக்கிருவோம்னு சொல்லுதா. சோத்தைப் போட்டு மூடி வச்சுட்டு நான் வார வரைக்கும் உக்காந்திருக்கா. அடுத்த வீட்டுக்காரி மாமியார் அம்புட்டுச் சொல்லியும் கேக்கல. நான் வேன்ல வந்து இறங்க பத்தரை ஆயிருது. தட்டுப் பக்கத்துலயே தூங்கிக் கெடக்கா. எழுப்பி ஊட்டுனா தூக்கத்துல துப்புதா."

ஆறு இரவுகள். மதியம் பள்ளியில் அவள் இரண்டாம் முறை சோறு வாங்குவதை நான் பார்த்திருந்தேன். நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று நினைத்திருந்தேன்.

"ஷிப்ட் மாத்தித் தரக் கேட்டேன். காலை ஷிப்டுக்கு ஏற்கெனவே ஆள் கூடுதலா இருக்காம். பாப்போம்னாங்க. பாப்போம்னா இல்லன்னு அர்த்தம்." கொஞ்ச நேரம் உள்ளே சுவரில் இருந்த சார்ட்டைப் பார்த்தாள். "டீச்சர், அந்த ஏழாவதை மட்டும் எடுத்துருங்க. மத்த ஆறையும் நான் எப்படியாச்சும் பாத்துக்கிடுறேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"வேன் வந்துரும் டீச்சர், வாரேன்" என்று போய்விட்டாள்.

மத்தியான மணி அடித்ததும் கத்தரிக்கோலை எடுத்தேன். எல்லாப் பிள்ளைகளும் பார்க்க, சார்ட்டின் அடிப்பகுதியை நான்கு விரற்கடை வெட்டினேன். சுவரில் ஒட்டியிருந்ததால் நேராக வெட்ட வரவில்லை.

"டீச்சர், ஏன் வெட்டுறீங்க?" என்று தெலுங்கு வீட்டுப் பையன் கேட்டான்.

"இது அவங்க கொடுத்தது இல்ல. நானா சேர்த்தது. தப்பாச் சேர்த்துட்டேன்."

இரண்டாவது பெஞ்சிலிருந்து அவள் குரல் வந்தது. சனிக்கிழமைக்குப் பிறகு அவள் வகுப்பில் தானாகப் பேசியது அதுதான் முதல். "நல்லதுன்னு சொன்னீங்களே டீச்சர்."

"நல்லதுதான். ஆனா அது இல்லாட்டி தப்புன்னு ஆகாது. என் வீட்டுல சார் ஆலங்குளத்துல வேலை முடிஞ்சு வர ஒன்பது மணி ஆகும். நான் மாத்திரை போடணும்னு ஏழரைக்கே தனியா சாப்பிட்டுருவேன். தினமும் அப்படித்தான்."

பிள்ளைகள் என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அவள் யோசித்தாள்.

"அப்ப உங்களுக்கு ஸ்டார் கிடையாதா?"

"எனக்குக் கிடையாது. இனிமே யாருக்குமே ஸ்டார் கிடையாது."

முப்பது பேரும் "போங்க டீச்சர்" என்றார்கள். ஒருவன், "எனக்கு இன்னும் ரெண்டு ஒட்டுனா இருபது ஆகும் டீச்சர், அதுக்கப்பறம் நிப்பாட்டுங்க" என்று பேரம் பேசினான். அவள் மட்டும் சார்ட்டின் கோணலான அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெட்டியவுடன் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சனிக்கிழமை பள்ளிக்கு விடுமுறை என்றாலும் பஸ் ஏறி ராஜபாளையம் போய் அந்தத் தெருவில் அவர்கள் வீட்டைத் தேடிப் போனேன். அம்மா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். முந்தின இரவும் பிள்ளை சாப்பிடவில்லை என்றாள். "வெட்டினாலும் அது அங்க இருந்துச்சுல்லன்னு கேக்குதா" என்றாள். ஒரு டஜன் வாழைப்பழம் கொண்டுபோயிருந்தேன், அதைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். அந்த வாழைப்பழத்தை நினைத்தால் இன்னும் கூச்சமாக இருக்கிறது.

திங்கட்கிழமை நோட்டுகளை வாங்கவில்லை. செவ்வாயும் வாங்கவில்லை. புதன்கிழமை காலை வருகைப் பதிவு எடுக்கும்போது அவள் தானாக எழுந்து வந்து தன் நோட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். "எழுதவில்லை, எழுதவில்லை" என்ற என் ஐந்து சிவப்பு வரிகளுக்கு அடுத்த பக்கத்தில் இப்படி இருந்தது:

"இரவு: சோறு, புளிக்குழம்பு, அப்பளம். ஏழு மணி. அம்மாவுக்கும் மில்லில் சோறு, புளிக்குழம்பு, அப்பளம். ஏழு மணி."

அவள் அம்மாவிடம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். மில்லில் சாப்பாட்டுக்கு இருபது நிமிடம் விடுவார்கள். ஆறரைக்குப் பாதிப் பேர், ஏழுக்கு மீதிப் பேர். அம்மா ஏழு மணி இடைவேளைக்குக் கேட்டு மாற்றிக்கொண்டாள். மாறிக்கொள்ள முன்வந்தவள் கூட்டத்தில் முதலில் சிரித்த அந்த அடுத்த வீட்டுக்காரிதான். வீட்டில் என்ன வைத்தாளோ அதையே தூக்குச்சட்டியிலும் எடுத்துப்போகிறாள். மில்லுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. ஆனால் அடுத்த வீட்டு டிவியில் ஏழு மணி நாடகத்தின் பாட்டு கேட்டதும் இங்கே பிள்ளை மூடியைத் திறக்க வேண்டும், அங்கே அம்மா சட்டியைத் திறப்பாள். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு இது. இதில் நான் சொல்லிக்கொடுத்தது எதுவும் இல்லை. நான் கெடுத்ததை அவர்களே சரிசெய்துகொண்டார்கள்.

அந்த வரிகளில் கீரை இல்லை, காய் இல்லை, அப்பளம் எண்ணெயில் பொரித்தது. என் சிவப்புப் பேனா கையில்தான் இருந்தது. தேதி மட்டும் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் தயங்காமல் சொல்லிவிட வேண்டும் என்று எழுதி வைத்து, சொன்னேன். போன தடவை அந்த நோட்டை நான் வாசித்தது தவறு, பிள்ளை மீது குற்றம் இல்லை, அவள் அம்மா மீதும் இல்லை, அவர் வேலை நேரம் எனக்கு முன்பே தெரியும் என்றேன். எல்லோரும் கொஞ்சம் சங்கடமாகக் கேட்டார்கள். அடுத்த வீட்டுக்காரி, "அத விடுங்க டீச்சர். நாங்க இப்ப அவளை 'ஊட்டுறவ'ன்னுதான் கூப்புடுதோம். மில்லு பூரா அதான் பேரு" என்றாள். எல்லோரும் மறுபடி சிரித்தார்கள்.

சார்ட்டிலிருந்து வெட்டியெடுக்க முடிந்தது. மில்லுக்குள் போய் இதை எப்படி வெட்டுவது?

மதியம் கூட்டம் முடிந்து அந்த அம்மா தூக்குச்சட்டியோடு படியிறங்கும்போது பின்னாலேயே போனேன். "அந்தப் பேரை நான்தான் வாங்கிக் கொடுத்துட்டேன்" என்றேன்.

அவள் நிற்கவில்லை. நடந்துகொண்டே, "கூப்புட்டா கூப்புடட்டும் டீச்சர். புள்ள சாப்புடுதா" என்றாள். தெருமுனையில் மில் வேன் ஹாரன் அடித்தது. உள்ளேயிருந்து யாரோ அந்தப் பெயரைச் சொல்லி, சீக்கிரம் வரச் சொன்னார்கள். அவள் வேகமாகப் போய் ஏறிக்கொண்டாள்.

அன்று நாட்குறிப்பில், "பெற்றோர் கூட்டம், காலை 10. வந்தவர்கள் 19. வாசித்த நோட்டு இல்லை" என்று எழுதினேன். நான்காவது வரிக்கான இடத்தை அப்படியே விட்டிருக்கிறேன்.